மழைக்கு உரிமை கோரியவர்: இர்விங் லாங்மியூரும் வானத்தின் மீதான சட்டங்களும்

விமானச் சத்தம் கேட்டால் நான் இன்றும் அண்ணாந்து பார்க்கிறேன். போர் முடிந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பழக்கம் கழுத்தை விட்டுப் போகவில்லை. வன்னியில் இருந்தவர்கள் எல்லோருக்கும் இது இருக்கும். அந்த நாட்களில் முகில் மூடியிருந்தால் கிபிர் வராது என்று அம்மா நம்பினார். அதனால் மழை இருட்டைக் கண்டால் அவருக்கு ஒரு நிம்மதி. ஆனால் மழை பெய்தால் பங்கருக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். வெளியே இருக்கவும் முடியாது, உள்ளே இருக்கவும் முடியாது. வானம் எங்களுக்குக் காவலா, பகையா என்று தெரியாமலேயே அந்தக் காலத்தைக் கடந்தோம்.

இந்தக் கட்டுரையை எழுதக் காரணம் என் தங்கையின் மகன். சென்ற ஆண்டு கைத்தொலைபேசியில் ஒரு செய்தியைக் கொண்டுவந்து காட்டினான். ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், வானிலையை மாற்றும் முயற்சிகளைக் குற்றமாக்கிச் சட்டம் நிறைவேற்றியிருக்கிறார்கள். அப்படியென்றால் மழையை மனிதர்கள் செய்ய முடியும் என்றுதானே அர்த்தம் மாமா, எங்கள் வீட்டுக்குள் வந்த வெள்ளத்தையும் யாரோ செய்திருக்கலாம் அல்லவா என்று கேட்டான். பயிர் அழிந்த ஒருவரின் பிள்ளை அவன். அந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. முப்பது ஆண்டுகள் இரசாயனவியல் படிப்பித்தவன் என்ற வகையில் பதில் சொல்ல வேண்டிய கடமையும் இருந்தது. தேடிப் படித்துக்கொண்டு போனபோது, பல்கலைக்கழகத்தில் வெறும் சமன்பாடாக மனனம் செய்த ஒரு பெயரில் வந்து நின்றேன். அந்தப் பெயர் இர்விங் லாங்மியூர்.

முதலில் அந்தச் சட்டங்களைப் பார்த்துவிடுவோம். 2024 ஏப்ரலில் டென்னசி மாநில ஆளுநர் ஒரு சட்டமூலத்தில் கையெழுத்திட்டார். வெப்பநிலையையோ வானிலையையோ சூரிய ஒளியின் அளவையோ மாற்றும் நோக்கத்துடன் மாநில எல்லைக்குள் வளிமண்டலத்தில் இரசாயனங்களை விடுவதை அது தடைசெய்தது. அடுத்த ஆண்டு புளோரிடா இன்னும் ஒரு படி மேலே போனது. மழை பெய்விக்க அனுமதிப்பத்திரம் வழங்கும் பழைய ஏற்பாட்டையே நீக்கிவிட்டு, அச்செயலைக் கடும் குற்றமாக்கியது. 5 ஆண்டுகள் வரை சிறை, 100,000 டொலர் வரை தண்டம். 2025 ஜூலை முதலாம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. லூசியானாவும் அதே ஆண்டு தடைச்சட்டம் கொண்டுவந்தது. வேறு பல மாநிலங்களிலும் இத்தகைய சட்டமூலங்கள் சமர்ப்பிக்கப்பட்டன.

இச்சட்டங்களை ஆதரித்தவர்களில் பலர், ஜெட் விமானங்களின் பின்னால் நீளும் வெண்கோடுகள் இரகசிய இரசாயனத் தூவல் என்று நம்புகிறவர்கள். அந்தக் கோடுகள் இயந்திரப் புகையிலுள்ள நீராவி கடுங்குளிரில் உறைந்து உண்டாகும் பனித்துகள்களே. ஆனால் அவர்களது பயம் முழுவதும் வெறுங்கதையிலிருந்து வந்ததும் அல்ல. அமெரிக்க விஞ்ஞானிகளும் படையினரும் வானத்தில் பொருட்களைத் தூவியது உண்மை. சில காலம் அதை மறைத்ததும் உண்மை. அந்தக் கதையின் தொடக்கத்தில்தான் லாங்மியூர் நிற்கிறார்.

கண்ணாடி போட்ட பையன்

லாங்மியூர் 1881 ஜனவரி 31 அன்று நியூயோர்க்கின் புரூக்ளினில் பிறந்தார். நான்கு ஆண்பிள்ளைகளில் மூன்றாமவர். இயற்கையை உற்றுப் பார், பார்த்ததைக் குறித்து வை என்று பெற்றோர் பழக்கினார்கள். ஆனால் பையனுக்குப் பார்வைக் குறைபாடு இருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. பதினொரு வயதில்தான் அது தெரியவந்தது. மூக்குக்கண்ணாடி போட்டதும் அதுவரை கலங்கித் தெரிந்த உலகத்தில் விபரங்கள் முளைத்தன. ஒன்றை விடாமல் பார்க்கும் ஆசை அதன் பிறகு அவருக்குத் தீரவேயில்லை. இரசாயனவியலாளரான மூத்த சகோதரர் ஆர்தர், தம்பியின் படுக்கையறை மூலையில் ஒரு சின்ன ஆய்வுகூடம் அமைக்க உதவினார்.

1903 இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உலோகவியல் பொறியியலில் பட்டம் பெற்றார். பிறகு ஜேர்மனியின் கொட்டிங்கனுக்குப் போய், சூடான இழையின் அருகே வாயுக்களுக்கு என்ன நடக்கிறது என்பதை ஆராய்ந்து 1906 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். நாடு திரும்பி நியூ ஜேர்சியில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பித்தார். வேலை நிறைய, ஆய்வுக்கு நேரம் இல்லை. ஆசிரியத் தொழிலில் இருந்தவர்களுக்கு இந்த அலுப்புப் புரியும். 1909 கோடை விடுமுறையில் ஸ்கெனெக்டடி நகரிலிருந்த ஜெனரல் எலெக்ட்ரிக் கொம்பனியின் ஆய்வுகூடத்துக்கு வேலைக்குப் போனார். சில வாரங்களுக்கென்று போனவர் 1950 இல் ஓய்வுபெறும் வரை அங்கேயே இருந்தார்.

அந்த நாட்களில் மின்குமிழ்கள் உட்புறம் கறுத்துப்போய் விரைவில் மங்கின. குமிழினுள்ளே மிச்சம் இருக்கும் காற்றே காரணம், இன்னும் நல்ல வெற்றிடம் வேண்டும் என்று எல்லோரும் பாடுபட்டார்கள். லாங்மியூர் எதிர்த்திசையில் போனார். குமிழுக்குள் வாயுக்களை வேண்டுமென்றே ஒவ்வொன்றாக விட்டு, என்ன கெடுதல் நடக்கிறது என்று பார்த்தார். கறுப்புக்குக் காரணம் தங்குதன் இழை ஆவியாகிக் கண்ணாடியில் படிவதுதான் என்று கண்டார். குமிழை நைதரசனாலும் பின்னர் ஆகனாலும் நிரப்பினால் அந்த ஆவியாதல் குறையும். இழையைச் சுருளாக்கினால் வெப்ப இழப்பும் குறையும். 1913 அளவில் வந்த அந்தக் குமிழ்தான், மின்சாரம் எட்டிய எங்கள் ஊர் வீடுகளிலும் பின்னாளில் மஞ்சளாக எரிந்தது.

இதை ஏன் இவ்வளவு விபரமாகச் சொல்கிறேன் என்றால், அந்த மனிதரின் பலம் என்ன என்பது இதில் தெரிகிறது. ஒரு காரணத்தைச் சந்தேகித்தால் அதை மட்டும் மாற்றி, மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்து, திரும்பத் திரும்பச் சோதிப்பார். குமிழ் என்பது மூடிய பாத்திரம், அதற்குள் என்ன விட்டோம் என்பது தெரியும். பிற்காலத்தில் அவர் தடுமாறியது, மூடி இல்லாத ஒரு பாத்திரத்தில் கைவைத்தபோதுதான்.

திண்மங்களினதும் திரவங்களினதும் மேற்பரப்பில் ஒரே ஒரு மூலக்கூறின் தடிப்பில் படலம் படியும் என்பதை விளக்கியதற்காக 1932 இல் அவருக்கு இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. தொழிற்றுறை ஆய்வுகூடமொன்றைச் சேர்ந்த அமெரிக்கர் ஒருவருக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதற்தடவை. மின்னேற்றம் பெற்ற வாயுவுக்குப் பிளாஸ்மா என்று பெயர் வைத்தவரும் அவரே. 1927 இல் கப்பலில் அத்திலாந்திக் கடலைக் கடந்தபோது, மிதக்கும் பாசிகள் காற்றின் திசையில் வரிசை வரிசையாகக் கோடு கட்டியிருப்பதைக் கண்டார். ஏன் என்று தேடிப்போய், நீரின் மேற்பரப்பில் காற்று உண்டாக்கும் சுழற்சியைக் கண்டுபிடித்தார். கடலியலில் அது இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. கடற்கரைக்காரர்கள் தினம் பார்க்கும் காட்சி அது.

ஐஸ்பெட்டிக்குள் ஒரு முகில்

இரண்டாம் உலகப் போரில் அவருக்கும் அவரது உதவியாளர் வின்சென்ட் ஷேபருக்கும் படைகளுக்கான புகைத்திரை செய்யும் வேலை வந்தது. ஷேபர் குடும்பக் கஷ்டத்தால் பள்ளிப்படிப்பை இடையில் நிறுத்திவிட்டு, அதே கொம்பனியின் பட்டறையில் வேலை பழகி, லாங்மியூரின் கண்ணில் பட்டு ஆய்வுகூடத்துக்கு வந்தவர். புகைத்திரைக்குப் பிறகு இருவரும் வாஷிங்டன் மலையுச்சியில் விமானங்களின் மேல் பனி படியும் பிரச்சினையை ஆராய்ந்தார்கள். அங்கே ஒரு விடயம் அவர்களை ஈர்த்தது. பூச்சியத்துக்குக் கீழான குளிரிலும் முகிலிலுள்ள நீர்த்துளிகள் பல உறையாமல் நீராகவே இருந்தன. உறைவதற்கு அவற்றுக்கு ஒரு கரு, ஒரு சாட்டு தேவைப்பட்டது.

1946 ஜூலையில் ஷேபர் வீட்டுப் பாவனைக்கான ஆழ்குளிர்ப் பெட்டி ஒன்றுக்குக் கறுப்பு வெல்வெட் துணி விரித்து, அதற்குள் மூச்சை ஊதி ஒரு சிறு முகிலை உண்டாக்கிச் சோதித்துக்கொண்டிருந்தார். வெக்கையான ஒரு நாள். பெட்டி போதிய அளவு குளிரவில்லை. விரைவாகக் குளிரட்டும் என்று உலர் பனிக்கட்டி, அதாவது உறைந்த காபனீரொட்சைட்டு, ஒரு துண்டை உள்ளே வைத்தார். அந்தக் கணமே பெட்டி முழுவதும் பனிப்பளிங்குகள் மினுங்கின. கடுங்குளிர் பட்டதும் துளிகள் தாமாகவே உறைந்துவிட்டன.

லாங்மியூர் இதன் கணக்கைப் போட்டார். நவம்பர் 13 அன்று ஷேபர் சிறு விமானத்தில் ஏறி, மசாசுசெட்ஸ் மாநிலத்தின் மலைப்பகுதிக்கு மேலிருந்த ஒரு முகிலில் உலர் பனிக்கட்டித் துண்டுகளைத் தூவினார். சில நிமிடங்களில் அந்த முகிலிலிருந்து பனித்தாரைகள் இறங்கின. நிலத்தைத் தொடுமுன் அவை ஆவியாகிவிட்டன. கீழே இருந்து பார்த்துக்கொண்டிருந்த லாங்மியூருக்கு அப்போது வயது 65. பதினொரு வயதில் கண்ணாடி போட்ட பையனின் ஆனந்தம் திரும்பி வந்தது என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

மறுநாள் அதே ஆய்வுகூடத்தின் பேர்னார்ட் வொனெகட் இன்னொரு வழியைக் கண்டார். வெள்ளி அயடைட்டின் பளிங்கு அமைப்பு பனிக்கட்டியின் அமைப்பை ஒத்தது. அதன் நுண்ணிய புகையை முகிலுக்குள் விட்டால், அந்தத் துகள்களைப் பனிக்கட்டி என்று நம்பி நீர்த்துளிகள் அவற்றின் மீது உறையும். இதை நிலத்திலிருந்தே எரித்து மேலே அனுப்பலாம், விமானம்கூடத் தேவையில்லை. இன்றுவரை உலகெங்கும் பாவிக்கப்படும் முறை இதுதான். அவரது தம்பி கேர்ட் வொனெகட் பிறகு அதே கொம்பனியின் விளம்பரப் பிரிவில் வேலை செய்தார். உலகத்து நீரையெல்லாம் உறையவைத்து அழிக்கும் ஒரு பொருளைப் பற்றிப் பின்னாளில் நாவல் எழுதினார். அதில் வரும், விளைவைப் பற்றிக் கவலையில்லாத விஞ்ஞானிக்கு லாங்மியூரே முன்மாதிரி.

பெய்தால் என்னுடையது, அழித்தால் யாருடையது?

1946 டிசெம்பர் 20 அன்று மீண்டும் முகிலில் தூவினார்கள். அன்று அப்பிரதேசத்தில் கனத்த பனி கொட்டியது. ஏற்கெனவே பனி எதிர்பார்க்கப்பட்ட நாள்தான் அது. ஆனால் இதில் தங்கள் தூவலுக்கும் பங்குண்டு என்று லாங்மியூர் நம்பினார், சொல்லவும் செய்தார். கொம்பனியின் சட்டத்தரணிகளுக்குத் தூக்கம் போனது. தெருவில் வாகனம் சறுக்கி மோதியவரும் கடை பூட்டியவரும் நட்டஈடு கேட்டு வந்தால் என்ன செய்வது? விஞ்ஞானி தன் வெற்றியைச் சொல்லச் சொல்ல, அது கொம்பனியின் குற்ற ஒப்புதலாக மாறிக்கொண்டிருந்தது. ஆகவே 1947 பெப்ரவரியில் இம்முயற்சி அரசின் தலையில் வைக்கப்பட்டது. சிரஸ் திட்டம் என்ற பெயரில் தரைப்படையும் கடற்படையும் விமானப்படையும் பறப்பை நடத்தின. கொம்பனிக்காரர்கள் ஆலோசகர்கள் மட்டுமே என்று எழுதிக்கொள்ளப்பட்டது.

அதே ஆண்டு ஒக்ரோபரில் ஒரு சூறாவளி புளோரிடாவைக் கடந்து அத்திலாந்திக் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒக்ரோபர் 13 அன்று படை விமானமொன்று அதன் முகில்களில் ஏறத்தாழ 80 கிலோ உலர் பனிக்கட்டியைக் கொட்டியது. ஆளில்லாக் கடலை நோக்கிப் போகும் புயல், பரிசோதித்தால் யாருக்கும் பாதிப்பில்லை என்பது கணக்கு. ஆனால் புயல் திசை திரும்பியது. மேற்கே வளைந்து, ஒக்ரோபர் 15 அன்று ஜோர்ஜியா மாநிலத்தின் சவானா நகரப் பக்கம் கரையைத் தாக்கிப் பெருஞ்சேதம் விளைவித்தது.

பாதிக்கப்பட்ட மக்கள் கொதித்தார்கள், வழக்குப் போடப்போவதாகச் சொன்னார்கள். அதிகாரிகள் வாயை மூடிக்கொண்டார்கள், விபரங்கள் இரகசியமாக்கப்பட்டன. லாங்மியூரோ வேறு விதமாக நடந்தார். தங்கள் தூவலே புயலைத் திருப்பியது என்று அவர் நம்பினார். அதை மறைக்காமல், அடுத்த பருவத்தில் இன்னும் பெரிதாகச் செய்து பார்க்க வேண்டும் என்று வாதாடினார். பின்னர் பதிவுகளை ஆராய்ந்த வானிலையாளர்கள், தூவலுக்கு முன்னரே புயல் திரும்பத் தொடங்கியிருந்ததைக் கண்டார்கள். 1906 இலும் ஒரு சூறாவளி ஏறத்தாழ இதே பாதையில் வளைந்திருந்தது. ஆனால் அந்த உண்மை மக்களிடம் போய்ச் சேரப் பல ஆண்டுகள் எடுத்தன. அதற்குள் சந்தேகம் வேர்விட்டுவிட்டது.

இந்த இடத்தில் நான் நெடுநேரம் நின்று யோசித்தேன். தன் வீட்டின் கூரையை இழந்த சவானாவாசி ஒருவர் என்ன நினைத்திருப்பார்? படை விமானம் ஒன்று புயலுக்குள் ஏதோ கொட்டியது. இரண்டு நாளில் புயல் தன் வீட்டுக்கு வந்தது. கேட்டால் பதில் இல்லை. ஆவணத்தைக் கேட்டால் இரகசியம். அந்த மனிதர் விஞ்ஞான ரீதியில் பிழையாக நினைத்திருக்கலாம். ஆனால் அவரைப் பிழையாக நினைக்கவைத்தது, அவரது அறியாமையைவிட அவருக்கு மறுக்கப்பட்ட பதில்தான். அதே அனுபவம் உள்ளவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

வாராவாரம் ஒரு மழை

லாங்மியூர் நிற்கவில்லை. 1949 முடிவில் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் நிலத்திலிருந்து வெள்ளி அயடைட்டுப் புகையை வாராவாரம் குறித்த நாட்களில் விடத் தொடங்கினார்கள். சில மாதங்களில், ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள ஒஹாயோ நதிப் பள்ளத்தாக்கு வரை ஏழு நாளைக்கு ஒருமுறை மழை கூடுவதைப் பதிவுகளில் கண்டதாக லாங்மியூர் அறிவித்தார். நியூ மெக்சிக்கோவில் சில கிலோ இரசாயனம், நாட்டின் பாதிக்கு மழை. அரச வானிலைத் திணைக்களத்தினர் ஏற்கவில்லை. யாரும் எதையும் தூவாத காலத்திலும் இத்தகைய ஏழு நாள் ஒழுங்கு இடைக்கிடை வந்து போயிருப்பதைப் பழைய பதிவுகளிலிருந்து காட்டினார்கள். வானத்தில் தூவாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்பதை அறிய வழியில்லை. மின்குமிழில் செய்ததுபோல மற்றதையெல்லாம் அசையாமல் வைத்துச் சோதிக்க இங்கே முடியாது. அந்த வித்தியாசத்தை, அதை உலகுக்கே கற்றுக்கொடுத்த மனிதர் மறந்துபோனார்.

அதே காலத்தில் நியூயோர்க் நகரம் வரட்சியில் வாடியது. நீர்த்தேக்கங்கள் வற்ற, 1950 இல் நகரசபை முகில் விதைப்புக்கு ஆள் அமர்த்தியது. மலைப்பகுதியில் விடுமுறை விடுதி நடத்திய ஒருவர், மழை தன் தொழிலைக் கெடுக்கும் என்று தடை கேட்டு நீதிமன்றம் போனார். கோடிக்கு அண்மித்த மக்களின் குடிநீர்த் தேவை ஒரு விடுதியின் வருமானத்தைவிடப் பெரிது, முகிலின் மீது தனியாருக்குச் சொத்துரிமை இல்லை என்று தீர்ப்பு வந்தது. பிறகு வெள்ளம் வந்தபோது, நூற்றுக்கும் மேற்பட்டோர் நட்டஈடு கோரினார்கள். மழை பெய்தபோது பெருமைப்பட்ட தரப்பு, வெள்ளத்துக்கும் தூவலுக்கும் தொடர்பில்லை என்று நின்றது.

1950 களின் பிற்பகுதியிலும் 1960 களிலும் இதே சண்டை கிராமங்களுக்கு இறங்கியது. ரெக்சாஸில் ஆலங்கட்டி மழையைத் தடுக்கவென்று முகில் விதைத்தவர்களுக்கு எதிராகப் பண்ணைக்காரர்கள் நீதிமன்றத் தடையுத்தரவு பெற்றார்கள். தங்கள் நிலத்துக்கு வரவேண்டிய மழையைக் கலைக்கிறார்கள் என்பது முறைப்பாடு. பென்சில்வேனியாவிலும் மேரிலாந்திலும் பழத்தோட்டக்காரர்களும் பக்கத்துத் தானிய விவசாயிகளும் வரட்சிக் காலத்தில் மோதிக்கொண்டார்கள். 1965 இல் மேரிலாந்து மாநிலம் வானிலை மாற்றத்துக்குத் தடைச்சட்டம் கொண்டுவந்தது. ஆகவே டென்னசியும் புளோரிடாவும் புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. வாய்க்கால் தண்ணீருக்கு அடிபட்ட கமக்காரன், ஒருநாள் முகிலுக்கும் அடிபட்டான் என்பதே இதன் பழைய கதை.

1953 டிசெம்பரில் லாங்மியூர் விஞ்ஞானிகளின் கூட்டமொன்றில் ஒரு விரிவுரை நிகழ்த்தினார். நேர்மையான ஆய்வாளர்களும் தம் ஆசையால் ஏமாந்து, அளக்கக்கூட முடியாத சிறு விளைவுகளை உண்மை என்று நம்பிவிடும் நோயைப் பற்றியது அது. இன்றும் விஞ்ஞான மாணவர்கள் அவ்விரிவுரையைப் படிக்கிறார்கள். மற்றவர்களின் உதாரணங்களை அடுக்கியவர், தன் ஏழு நாள் மழையை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. கடைசிவரை அதை நம்பினார். 1957 ஓகஸ்ட் 16 அன்று மசாசுசெட்ஸின் கடலோர ஊரான வூட்ஸ் ஹோலில் மாரடைப்பால் காலமானார். வயது 76.

லாவோஸின் மீது பெய்த மழை

வானிலையைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் அணுகுண்டுக்கு நிகரான ஆயுதமாகலாம் என்று லாங்மியூர் தன் வாழ்நாளிலேயே அரசிடம் வற்புறுத்தியிருந்தார். எதிரி முந்திக்கொள்ளுமுன் நாம் செய்ய வேண்டும் என்பது அவரது வாதம். அவர் இறந்து பத்து ஆண்டுகளில் அது நடந்தது.

1967 மார்ச் முதல் 1972 ஜூலை வரை, அமெரிக்க விமானப்படை இந்தோசீனாவில், பெரும்பாலும் லாவோஸின் மேல், மழைக்கால முகில்களில் வெள்ளி அயடைட்டும் ஈய அயடைட்டும் தூவியது. 2,600 தடவைகளுக்கு மேல் விமானங்கள் பறந்தன. வட வியட்நாமியர் ஆட்களையும் பொருட்களையும் கொண்டுசென்ற காட்டுப் பாதைகளைச் சேறாக்கி, மழைக்காலத்தை நீட்டுவதே நோக்கம். அந்தப் பாதைகளின் ஓரத்தில் வயல் செய்தவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. 1971, 1972 இல் பத்திரிகையாளர்கள் இதை வெளிக்கொண்டுவந்தார்கள். முதலில் மறுப்புத்தான் வந்தது. 1974 இல் செனட் குழுவொன்றின் முன் படை அதிகாரிகள் ஒப்புக்கொண்டார்கள். எவ்வளவு மழை கூடியது என்பதை அதைச் செய்தவர்களாலேயே உறுதியாக நிறுவ முடியவில்லை.

இதன் விளைவாகப் பிறந்ததே, சுற்றுச்சூழலை மாற்றும் உத்திகளைப் போர் ஆயுதமாகப் பயன்படுத்துவதைத் தடைசெய்யும் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை. 1976 டிசெம்பர் 10 அன்று பொதுச்சபை அதை ஏற்றது. அது நடைமுறைக்கு வர 20 நாடுகள் உறுதிப்படுத்த வேண்டும். 1978 ஒக்ரோபர் 5 அன்று இருபதாவது நாடாக வந்து அதை உயிர்ப்பித்தது லாவோஸ். யார் வானத்தில் அது நடந்ததோ, அவர்கள் கையெழுத்தாலேயே அது சட்டமானது. இலங்கையும் 1978 இலேயே அதை உறுதிப்படுத்திய நாடுகளில் ஒன்று.

அமெரிக்காவின் மாநிலச் சட்டங்கள் வேறு வகை. அவை உள்ளூரில் தண்ணீருக்காகச் செய்யும் தூவலையும் தடுக்கின்றன. ஆனால் அதே நாட்டின் மேற்கில் யூட்டா, ஐடஹோ போன்ற வரண்ட மாநிலங்கள் அரச பணத்தில் குளிர்காலம் தோறும் முகில் விதைக்கின்றன. 2017 இல் ஐடஹோ மலைகளின் மேல் நடந்த ஆய்வில், விமானம் தூவிய அதே கோட்டில் பனி உருவாகி விழுவதை ரேடார் முதன்முறையாகத் தெளிவாகக் காட்டியது. மூன்று தூவல்களில் கிடைத்த நீர் ஏறத்தாழ 282 ஒலிம்பிக் நீச்சல் தடாகங்களின் அளவு. லாங்மியூரின் அடிப்படைக் கருத்துச் சரி என்று அவர் இறந்து அறுபது ஆண்டுகளுக்குப் பின் நிரூபணமானது. அவர் பாதி நாட்டுக்குச் சொன்ன கணக்கு மட்டும் நிரூபணமாகவில்லை. எங்கள் நாட்டிலும் 2019 மார்ச்சில் வரட்சியின்போது தாய்லாந்து நிபுணர்களின் உதவியுடன், விமானப்படை விமானத்தில் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கப் பகுதியில் முகில் விதைத்தார்கள். நீர்மின் நிலையங்களுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது.

தங்கை மகனுக்கு நான் சொன்ன பதில் இதுதான். இருக்கும் முகிலிலிருந்து சற்றுக் கூடுதலாகத் தண்ணீர் பிழியலாம். இல்லாத முகிலைக் கொண்டுவரவோ, ஒரு மாவட்டத்தையே மூழ்கடிக்கும் தாழமுக்கத்தைச் செய்யவோ எவராலும் முடியாது. எங்கள் வீட்டுக்கு வந்த வெள்ளம் வானத்தில் யாரும் தூவி வந்ததல்ல. ஆனால் தண்ணீர் ஏன் எங்கள் பக்கம் அவ்வளவு வேகமாக வந்தது, வாய்க்கால் ஏன் தூர்வாரப்படாமல் இருந்தது, முன்னெச்சரிக்கை ஏன் பிந்தியது என்று கேட்கும் உரிமை உனக்கு உண்டு. அவற்றுக்குப் பதில் சொல்லக்கூடிய மனிதர்கள் நிலத்தில் இருக்கிறார்கள். வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் அவர்களுக்குத்தான் வசதி.

அவன் முழுவதும் ஒப்புக்கொண்டான் என்று சொல்லமாட்டேன். அப்படியென்றால் அந்த ஊர் மக்களுக்கு அப்போதே ஆவணங்களைக் காட்டியிருக்கலாமே, ஏன் காட்டவில்லை என்று கேட்டான். சவானாவைத்தான் சொன்னான். காட்டியிருந்தால் கொம்பனியும் படையும் அன்றே தப்பியிருக்கும். புயல் முன்பே திரும்பியதை அந்த ஆவணங்களே சொல்லியிருக்கும். மறைத்ததால், செய்யாத குற்றமும் அவர்கள் மேல் நிலைத்தது. பிறகு லாவோஸில் உண்மையாகவே செய்தபோது, அதையும் மறைத்தார்கள். இன்று விமானத்தின் வெண்கோட்டைக் கண்டு பயந்து சட்டம் கேட்கும் மக்களுக்குப் பின்னால் இந்த எழுபது ஆண்டு மறைப்பு நிற்கிறது.

நாங்களும் ஆவணங்களுக்காகக் காத்திருக்கும் மக்கள். எங்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்டுத் தெருவோரக் கொட்டகைகளில் படங்களோடு உட்கார்ந்திருக்கும் தாய்மாரின் கையில் இருப்பது வதந்தி அல்ல. திகதி, இடம், கடைசியாகக் கண்டவரின் பெயர் எல்லாம் அவர்களிடம் இருக்கின்றன. நிரூபணம் என்றால் என்னவென்று லாங்மியூர் மறந்த இடத்தை, அவர்கள் மறக்கவில்லை. அதனால்தான் வானத்தைப் பற்றிய ஒரு பொய்யான கதையை என் வீட்டுப் பிள்ளை நம்புவதை நான் சின்ன விடயமாக எடுக்கவில்லை. ஆதாரமில்லாத ஒன்றை நம்பப் பழகிய சமூகத்திடம், ஆதாரமுள்ள ஒன்றையும் கதை என்று தள்ளிவிடுவது சுலபம்.

அன்று மாலை மழை இருட்டியது. அம்மா இப்போது இல்லை. தங்கை முற்றத்தில் காயப்போட்டிருந்த நெல்லை அள்ள ஓடினாள், அவனும் சாக்கை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினான். எங்கோ மேலே ஒரு விமானத்தின் சத்தம் கேட்டது. நான் அண்ணாந்து பார்த்தேன். அவன் பார்க்கவில்லை, நெல்லை அள்ளிக்கொண்டிருந்தான்.